முதுகு வரை தேர்ச்சி

ஒளியோவியர் பேரவையை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. படம் எடுக்கக் கற்றுக்கொள்ள வந்த ஒருவனை, ஒரே வருடத்தில், எதிரே உட்கார்ந்திருக்கும் சொந்த அக்காவைக்கூட எடுக்க முடியாதவனாக ஆக்கி அனுப்புவது லேசுப்பட்ட காரியமா? அதற்குத் தலைவர் வேண்டும், பொறுப்பாளர்கள் வேண்டும், விதிகள் வேண்டும், விதிகளுக்கு விளக்கங்கள் வேண்டும். பேரவையில் எல்லாம் இருந்தது. கட்டடம் ஒன்றுதான் இல்லை. முழுப் பேரவையும் போனுக்குள் நடந்தது.

அப்படி ஆக்கப்பட்டவனை அங்கே நகல் என்று கூப்பிட்டார்கள். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவன். சேர்ந்த அன்று தொழில் என்ன என்று கேட்டார்கள், சொன்னான். “உள்ளதை உள்ளபடி எடுத்துப் பழகிய கை. முதலில் அதை மறக்க வேண்டும்” என்று மட்டுறுத்துநர் எழுதினார். மட்டுறுத்துநர் என்றால், யார் எந்தப் படத்தைப் போடலாம், போடக் கூடாது என்று தீர்ப்புச் சொல்கிறவர். அவர் வைத்த பெயர்தான் நகல். நாமும் அப்படியே கூப்பிடுவோம். கடையில் முதலாளி கூப்பிடும் விதத்தைவிட இது மரியாதையானது.

நகல் அங்கே போய் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் அக்கா. படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கும் கவுண்டரில் உட்காருகிறவள். கண்ணாடியில் ஒரு வட்ட ஓட்டை, அதற்குப் பின்னால் அவள் முகம். ஊரில் பாதிப் பேர் தினமும் அந்த முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். “சில்லறையா குடுங்க” என்பதைக்கூட, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்பதுபோலச் சொல்வாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தம்பியும் பண்ணிக்கொள்ளவில்லை. மாடியில் இரண்டு அறை, ஒரு ஸ்டவ், ஓயாத வாக்குவாதம் என்று இருவரும் நிம்மதியாக இருந்தார்கள்.

அக்காவின் வலது தாடையில் ஒரு கட்டி வந்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கெட்ட கட்டி இல்லம்மா. ஆனா எலும்பத் தின்னுக்கிட்டே போகும். ஒரு வருஷம் மருந்து குடுத்துப் பாப்போம். கேக்கலேன்னா இந்தப் பக்கத் தாடைய எடுத்துட வேண்டியதுதான்.”

“எடுத்துட்டா மூஞ்சி எப்படி இருக்கும் டாக்டர்?”

“உயிருக்கு ஒண்ணும் ஆகாது” என்றார் டாக்டர். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதில் அவர் கெட்டிக்காரர்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பாதி வழி வந்த பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஏண்டா, என்னை ஒரு படம் எடுத்துக் குடேன். மூஞ்சி நேரா, நல்லாத் தெரியற மாதிரி. போறதுக்கு முந்தி ஒண்ணு இருக்கட்டும்.”

“இப்பவே எடுக்கறேன், இப்படித் திரும்பு.”

“இப்ப வேணாம், தல கலஞ்சு கெடக்கு. அதுவும் இல்லாம உன் போன்ல எடுத்தா எனக்குக் கழுத்தே இருக்கறதில்ல. ஒழுங்காக் கத்துக்கிட்டு எடு. அதான் ஒரு வருஷம் இருக்கே.”

அவள் கேட்டது நியாயம்தான். அக்காவுக்கு உருப்படியாக ஒரு படம் கிடையாது. விசேஷ வீடுகளில் எடுத்த கூட்டப் படங்களில் எல்லாம் ஓரமாக நின்று பாதி வெட்டுப்பட்டிருப்பாள். வேலைக்கான அடையாள அட்டையில், எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் போல முழித்துக்கொண்டிருப்பாள். அவளைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். எடுத்தவர் ஒருவரும் இல்லை.

நகல் பழைய கேமரா ஒன்றை வாங்கினான். அதில் இருந்த பொத்தான்களைப் பார்த்ததும் ஜெராக்ஸ் மிஷினே தேவலை என்று தோன்றிவிட்டது. போனில் தேடினான். “ஒரே ஆண்டில் ஒளியோவியர் ஆகுங்கள்” என்று பேரவை கூப்பிட்டது. ஒரு வருடம்! டாக்டர் சொன்னதும் ஒரு வருடம்தான். கணக்கு பொருந்துகிறதே என்று சந்தோஷப்பட்டுச் சேர்ந்துவிட்டான்.

சேர்ந்த சந்தோஷத்தில், கவுண்டருக்குப் போய் ஓட்டை வழியாக அக்காவை எடுத்தான். என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் அமுக்கியதுதான். அக்கா அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். கண்ணாடியில் படகு தெரிந்தது, முகத்தில் வெளிச்சம் இருந்தது. “ஐயே, பல்லு தெரியுதுடா” என்றாள் பார்த்துவிட்டு. ஆனால் கேமராவைத் திருப்பிக் கொடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அதைப் பேரவையில் போட்டான். ஐந்து நிமிடத்தில் படம் காணாமல் போனது. பதிலுக்கு மட்டுறுத்துநரின் குறிப்பு வந்தது.

“அன்பரே, கேமராவைப் பார்க்கும் முகம் படமாகாது. அது ஞாபகம். ஞாபகங்களுக்கு நம் பேரவையில் இடமில்லை. முதலாண்டு மாணவர் முதல் காலாண்டில் சுவரையும், இரண்டில் நிழலையும், மூன்றில் கைகளையும், நான்கில் முதுகையும் கற்பார். முதுகில் தேர்ச்சி பெற்றவருக்கே முகம் அனுமதிக்கப்படும். கழிப்பு உறுதிமொழியை உடனே நிறைவேற்றவும்.”

கழிப்பு உறுதிமொழி என்பது பேரவையின் தலையாய சடங்கு. இதற்கு முன் நான் எடுத்தது எதுவும் படமல்ல என்று மூன்று முறை உரக்கச் சொல்லி, எடுத்தவற்றை எல்லாம் அழித்து, அழிப்பதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். எதை வைத்திருக்கிறான் என்பதில் இல்லை, எதை அழிக்கிறான் என்பதில்தான் கலைஞன் இருக்கிறான் என்பது தலைவரின் வாக்கு. தலைவர் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். அவர் எடுத்த படம் ஒன்றையும் யாரும் பார்த்ததில்லை. கேட்டால், அவர் படம் எடுக்கும் நிலையைக் கடந்துவிட்டார் என்று சொல்வார்கள்.

நகல் கையைத் தூக்கி உறுதிமொழி சொன்னான். அடுப்படியில் இருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

“யாருகூடடா சண்ட?”

“சண்ட இல்லக்கா, பாடம்.”

“என் படத்தையும் அழிச்சிட்டியா?”

“இத விட நல்லா எடுத்துடலாம்க்கா. முறையாக் கத்துக்கணும்ல.”

“அதுவும் சரிதான்” என்றாள் அக்கா. தம்பி எதையாவது முறையாகக் கற்றுக்கொள்வதில் அவளுக்கு எப்போதும் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

முதல் காலாண்டு சுவர். காரை உதிர்ந்த, ஈரம் ஊறிய, பாசி பிடித்த சுவர்களைப் பேரவை பெரிதும் மதித்தது. நகல் கடைச் சுவரையே எடுக்க ஆரம்பித்தான். தினமும் காலையில் வந்து அதன் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தான். முதலாளி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்.

“என்னப்பா, செவுரு ஏதும் விரிசல் விட்டிருக்கா?”

“விரிசல்தான் சார் விசேஷமே.”

முதலாளி பதறிப்போய்க் கொத்தனாரைக் கூட்டி வந்தார். அன்று சாயங்காலமே சுவர் பூசி, வெள்ளையடித்து, பளபளவென்று ஆகிவிட்டது. “உங்கள் சுவர் தன் ஆன்மாவை இழந்துவிட்டது” என்று மட்டுறுத்துநர் வருத்தம் தெரிவித்து, நகலைப் பாடத்தின் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்பினார். பிறகு நகல் வீட்டு மொட்டை மாடிச் சுவரைப் பிடித்தான். துணி காயப்போட வந்த அக்கா, கேமராவைப் பார்த்ததும் ஈரக் கையால் தலையை ஒதுக்கிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றாள்.

“கொஞ்சம் நகருக்கா. செவுரு மறையுது.”

அக்கா நகர்ந்துகொண்டாள்.

பாடத்தோடு கருத்துக் கடமையும் உண்டு. பிறர் படங்கள் பத்துக்குக் கருத்து எழுதினால்தான் நம் படத்துக்கு ஒருவர் எழுதுவார். நகலுக்கு முதலில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. “நல்லாருக்கு” என்று எழுதியதற்காக ஒரு முறை எச்சரிக்கப்பட்டான். அப்புறம் பழகிக்கொண்டான். சட்டகம் மூச்சு விடட்டும், இடப்பக்க வெளி பேசுகிறது, கருமை இன்னும் ஆழ்ந்திருக்கலாம். இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டால் எந்தப் படத்துக்கும் பொருந்தியது.

அந்தச் சமயத்தில்தான் அடுப்படிச் சம்பவம் நடந்தது. உறுப்பினர் ஒருவர் தன் அடுப்படி எரிந்து கரியாகிப்போனதைப் போனில் எடுத்து, “வீட்டில் தீ விபத்து, யாராவது உடனே உதவுங்கள்” என்று உறவினர்களுக்கு அனுப்புவதற்குப் பதிலாகத் தவறிப் பேரவையில் போட்டுவிட்டார். கருமையின் அடுக்குகள் பிரமாதம் என்று முதல் கருத்து வந்தது. ஓரத்தில் நிற்கும் பாத்திரம் கவனத்தைச் சிதறடிக்கிறது, அகற்றியிருக்கலாம் என்று அடுத்தது. “ஐயா, நிஜமாகவே எரிந்துவிட்டது” என்று அவர் எழுதியதைப் படத்தின் தலைப்பு என்று எடுத்துக்கொண்டு பாராட்டினார்கள். அந்த வாரத்தின் சிறப்புப் படமாக அது தேர்வானது. அவர் நன்றி தெரிவிக்கவில்லை என்று பேரவையில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது.

நகல் அதைப் படித்துவிட்டுச் சங்கடப்பட்டான். ஆனாலும் கடமை கடமைதானே. “கருமை இன்னும் ஆழ்ந்திருக்கலாம்” என்று அவனும் எழுதினான்.

இரண்டாம் காலாண்டு நிழல். இதற்குள் அக்காவின் தாடை கொஞ்சம் வீங்கியிருந்தது. மருந்து அதன் வேலையைச் செய்யாமல், தூக்கத்தை மட்டும் கெடுத்தது. கவுண்டரில் முந்தானையை இழுத்துக் கன்னத்தோடு பிடித்துக்கொண்டு சீட்டுக் கொடுத்தாள். பல்வலி என்று சொல்லிச் சமாளித்தாள். நகல் சாயங்கால வெயிலில் அவளை நடக்கவிட்டு, தரையில் விழுந்த நிழலை எடுத்தான். அக்கா கேமராவின் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

“நெழலுக்கு வீக்கம் தெரியல, இல்ல?”

“தெரியலக்கா.”

“அப்ப பரவால்ல. எடு, எடு.”

நிழலில் முதல் தரத்தில் தேறினான்.

மூன்றாம் காலாண்டு கைகள். இதில்தான் பெரிய சிக்கல் வந்தது. நகல் அக்காவின் கைகளை எடுத்து அனுப்பினான். சீட்டுக் கிழித்துக் கிழித்து ஒரு விரலின் நுனி மட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கும், மற்றபடி நல்ல கைகள். “போதிய சுருக்கம் இல்லை” என்று திரும்பி வந்தது. மீண்டும் அனுப்பினான். “உழைப்பு தெரிகிறது, துயரம் தெரியவில்லை” என்று வந்தது. கை என்றால் கிழவரின் கையாக இருக்க வேண்டும், நரம்பு புடைத்திருக்க வேண்டும், கூடுமானால் நகத்தில் மண் இருக்க வேண்டும் என்று விளக்கக் குறிப்பும் கூடவே வந்தது.

நகல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“இதுல பெயிலாயிட்டா என்னாகும்?” என்றாள் அக்கா.

“மறுபடி கை. மூணு மாசம்.”

“அப்ப மூஞ்சி?”

“அது இன்னும் தள்ளிப் போகும்.”

அக்கா எழுந்து போனாள். வாளியில் தண்ணீர் பிடித்து, துணி சோப்பைக் கரைத்து, இரண்டு கையையும் அதில் முக்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ரேடியோவில் பாட்டு முடிந்து, செய்தி முடிந்து, மறுபடியும் பாட்டு வந்தது. கையை வெளியே எடுத்து விரித்துக் காட்டினாள். விரல்கள் வெளுத்து, சுருங்கி, யாரோ எண்பது வயதுக்காரியுடைய கைகள் போல் இருந்தன.

“துயரம் போதுமாடா? இல்ல இன்னுங் கொஞ்சம் ஊறணுமா?”

இருவரும் சிரித்த சிரிப்பில் கேமரா ஆடிவிட்டது. மறுபடியும் எடுத்தார்கள். “ஒரு வாழ்நாளின் வலி இந்த ரேகைகளில்” என்று மட்டுறுத்துநரே தன் கையால் எழுதித் தேர்ச்சி கொடுத்தார். அக்கா சிரிப்பை நிறுத்திய பிறகு வெகுநேரம் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சிரித்தால் வலிக்க ஆரம்பித்திருந்தது.

நான்காம் காலாண்டு முதுகு. பேரவைக்கு மிகவும் பிடித்த பாடம். எங்கோ நடந்து போகிறவரின் முதுகு, அவருக்கு முன்னால் நிறைய வெற்றிடம். அக்கா படகுத்துறைப் பலகை மேல் போனாள், வந்தாள், மறுபடி போனாள். திரும்பி வரும்போதெல்லாம் நகல் கேமராவைக் கீழே இறக்கிக்கொள்வான். முன்பக்கம் இன்னும் பாடத்தில் வரவில்லை.

“அங்க பாத்தே நடக்கா. இங்க பாக்காத.”

“எங்கடா பாக்கறது? அந்தப் பக்கம் தண்ணிதான இருக்கு.”

“தண்ணியப் பாரு.”

முதுகுப் பாடம் முடிய மூன்று வாரம் இருந்தபோது டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். எலும்பு வேகமாகக் கரைகிறது, இனி காத்திருக்க முடியாது, வருகிற புதன்கிழமை ஆபரேஷன் என்றார். அந்த ஞாயிறு பேரவையின் மாதக் கூட்டம். எல்லோரும் போன் திரையில் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நகல் கை தூக்கி, அனுமதி கிடைக்கும்வரை காத்திருந்து, விஷயத்தைச் சொன்னான்.

“மூணு வாரம் முன்கூட்டியே முகத்துக்கு அனுமதி குடுத்தீங்கன்னா... எப்படி எடுக்கணும்னு மட்டும் சொல்லிக் குடுத்தாப் போதுங்க. வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கணும், ஃபோகஸ எங்க வெக்கணும், அவ்வளவுதான். புதன்கிழமைக்கு அப்புறம் அந்த மூஞ்சி இருக்காதுங்க.”

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அன்பரே, உங்க வேதனை எனக்குப் புரியுது. நானும் மனுஷன்தான். ஆனா ஒரு அமைப்புன்னா அதுக்குன்னு ஒரு முதுகெலும்பு வேணும். இன்னிக்கு உங்க அக்காவுக்கு ஆபரேஷன்னு விதிய வளைச்சா, நாளைக்கு இன்னொருத்தர் எங்கப்பாவுக்கு வயசாயிடுச்சும்பார். இன்னொருத்தர் எங்க கொழந்த வளந்துட்டே இருக்கும்பார். அப்புறம் எல்லாரும் அவங்கவங்க வீட்டு மூஞ்சிய எடுக்க ஆரம்பிச்சுடுவாங்க. கலையோட கதி என்ன ஆகறது? எங்க பேரவையில பதினோரு வருஷமா ஒரு மூஞ்சிகூட அவசரமா எடுக்கப்படல. அது எங்க பெருமை.”

கட்டங்களில் கை தட்டும் படங்கள் பறந்தன. மட்டுறுத்துநர் நடைமுறை தெரிந்தவர். “ஆபரேஷன மூணு வாரம் தள்ளி வெக்க முடியுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுப் பாத்தீங்களா?” என்றார்.

நகலுக்கு ஒரு கணம், கேட்டிருக்கலாமோ என்றுதான் தோன்றியது. அந்த அளவுக்கு அவன் நல்ல மாணவன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியில் அக்கா தலையைப் படிய வாரி, ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஒரு பக்கம் வீங்கியிருந்தாலும் அது அவள் முகம்தான். கண் அதே கண். கேட்காமலேயே சௌக்கியம் விசாரிக்கும் அதே வாய்.

“அனுமதி கெடக்குது, விடு. நீயா எடு. இத்தன நாள் கத்துக்கிட்டது போதும்.”

“சரிக்கா.”

அவன் கேமராவைக் கண்ணில் வைத்தான். அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு குழாய் ஓடியது. குழாய் தலையில் முளைத்ததுபோல் இருக்கக் கூடாது என்று பாடம். கொஞ்சம் தள்ளி நின்றான். வெளிச்சம் நேராக விழுந்தது. நேர் வெளிச்சம் தட்டை என்று பாடம். திரையை இழுத்தான், பாதி விட்டான். அக்கா அவனைப் பார்த்தாள். கேமராவுக்குள் அவள் கண் நேராக வந்து நின்றதும் அவன் விரல் அமுங்க மறுத்தது. அது ஞாபகம், படமல்ல என்று உள்ளே யாரோ எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

“இங்க பாக்காதக்கா. கொஞ்சம் ஜன்னல் பக்கம் பாரு.”

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். அப்போது எடுத்தான். காதை எடுத்தான், கழுத்தை எடுத்தான், மடியில் இருந்த கையை எடுத்தான், திரையில் விழுந்த நிழலை எடுத்தான். முழுசாகத் திரும்பியபோது முதுகை எடுத்தான். எல்லாம் நன்றாக வந்தன. நேரே பார்க்கும்போது மட்டும் கை வரவே இல்லை.

“வந்துச்சாடா?” என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“இதோக்கா. வெளிச்சம் கொஞ்சம் மாறட்டும்.”

வெளிச்சம் மாறுவதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள். ஊசி போட வேண்டும், படுங்கள் என்றாள். அக்கா படுத்தாள். நகல் கேமராவை மூடினான். நாளைக் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்றான். காலையில் அவன் வந்தபோது அவளைக் கூட்டிப்போயிருந்தார்கள்.

நான் இதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரு விரல் அமுக்குகிற வேலை. குழந்தைகூடச் செய்யும். குழந்தை எந்தப் பேரவையிலும் சேர்ந்திருக்காது, அதுதான் வித்தியாசம்.

கட்டு அவிழ்க்க வெகுநாள் ஆயிற்று. வலது பக்கம் உள்ளே விழுந்து, உதடு ஒரு மூலைக்கு இழுபட்டு, கண் ஓயாமல் நீர் வடித்தது. உதடு சேர வேண்டிய எழுத்துகள் அவளுக்கு வராமல் போயின. அவள் பேசுவது மற்றவர்களுக்கு வெறும் காற்றாகத்தான் கேட்டது; தம்பிக்குப் புரிந்தது. அவனுக்குப் புரிந்தபடியே இங்கே எழுதுகிறேன். வேலைக்குத் திரும்பியபோது, பயணிகள் சங்கடப்படுகிறார்கள் என்று சொல்லி, கவுண்டரிலிருந்து பின்னறைக்கு மாற்றினார்கள். சீட்டுக் கட்டுகளை அடுக்கும் வேலை. அங்கே ஓட்டை கிடையாது.

ஆபரேஷனால் தள்ளிப்போன முதுகுப் பாடத்தில் நகல் அந்த வாரத்தில்தான் தேர்ச்சி பெற்றான். முகத்துக்கு அனுமதி வந்தது. அதை அவன் அக்காவிடம் சொல்லவில்லை. அவளே போனில் வந்த சத்தத்தைக் கேட்டு விசாரித்துத் தெரிந்துகொண்டாள். பிறகு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எடு.”

“வேணாம்க்கா.”

“அதான் பாஸ் பண்ணிட்டேல்ல? எடுடா.”

கேமராவைக் கண்ணில் வைத்தான். அக்கா நேராகப் பார்த்தாள். இங்கே பார்க்காதே என்று சொல்ல இந்த முறை அவனுக்கு வாய் வரவில்லை. அழுதுகொண்டே அமுக்கினான்.

“இத அனுப்பு” என்றாள். “செவுரு, நெழலு, கை, முதுகு எல்லாம் பாத்தாங்க. மூஞ்சிய மட்டும் எதுக்கு மறைக்கணும்?”

அனுப்பினான். பேரவை அதிர்ந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அந்த வருடத்தின் தலைசிறந்த படமாக அது அறிவிக்கப்பட்டது. கேமராவைப் பார்க்கிறதே என்று ஒரு புதிய மாணவர் கேட்டதற்கு, “இது பார்க்கவில்லை, ஊடுருவுகிறது” என்று விளக்கம் தரப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பாராட்டுக் கூட்டம். நகல் மேஜை முன்னால் போனைச் சாய்த்து வைத்து, காதில் இயர்போனோடு உட்கார்ந்திருந்தான். அக்கா பக்கத்தில், திரையில் தெரியாமல், காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலைவர் உணர்ச்சிவசப்பட்டார்.

“இப்படியொரு மூஞ்சி கிடைக்கறதுக்குக் குடுத்து வெச்சிருக்கணும்! அந்தக் கன்னத்துப் பள்ளத்துல வெளிச்சம் எறங்குது பாருங்க... எங்க புடிச்சீங்க இந்தம்மாவ?”

“எங்க அக்காங்க. போன தடவ சொன்னேனே, ஆபரேஷன்னு.”

“அடடா, இவங்கதானா! அப்ப ஆபரேஷனுக்கு முந்தி எடுத்ததும் இருக்குமே? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா உலகப் போட்டிக்கே அனுப்பலாம். அதை அனுப்புங்க.”

“இல்லீங்க. எடுக்கல.”

“எடுக்கலையா?” தலைவர் நிஜமாகவே வருந்தினார். “என்னங்க இப்படி அலட்சியமா இருந்துட்டீங்க? வீட்டுல இப்படி ஒரு விஷயம் நடக்கப்போகுதுன்னா ஒரு ஒளியோவியன் முன்கூட்டியே யோசிக்க வேண்டாமா?”

“விதி இருந்துச்சுங்களே. முதுகு முடியல...”

“விதி எதுக்குங்க இருக்கு? மீறத்தானே! மீறத் தெரியாதவன் எப்படிங்க கலைஞன் ஆவான்?”

கட்டங்களில் கை தட்டும் படங்கள் பறந்தன. மட்டுறுத்துநர் அந்த வாக்கியத்தை உடனே பேரவையின் முகப்பில் எழுதி வைத்தார். நகல் நன்றி சொன்னானா இல்லையா என்று அவனுக்கே நினைவில்லை. போனை அணைத்தான்.

கத்திச் சத்தம் நின்றிருந்தது.

“என்னடா சொன்னாங்க? படத்துக்குக் கீழ நெறைய எழுதியிருப்பாங்கல்ல. படிச்சுக் காட்டு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டே இருக்கு, சின்ன எழுத்து தெரியல.”

அவன் போனைத் திறந்தான். கீழே வரிசையாக வந்து நின்றன. ‘சிதைவின் பேரழகு’ என்று முதல் கருத்து இருந்தது.

“பேரழகுன்னு போட்டிருக்கான் ஒருத்தன்.”

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். “நெஜமாவா? அடுத்தது?”

‘இடிந்த வீட்டின் ஜன்னலில் விழும் காலை வெயில்.’

“ஜன்னலில் விழும் காலை வெயில்.”

“அப்புறம்?”

‘இவ்வளவு கோரத்திலும் என்ன ஒரு கம்பீரம்!’

“என்ன ஒரு கம்பீரம்னு...”

“இத்தன வருஷத்துல என்னை அழகுன்னு யாருடா சொன்னா? நல்ல மனுஷங்கதான்” என்றாள் அக்கா. கன்னத்தை முந்தானையால் ஒற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். “ஆமா, ஏன் நடுநடுவுல நிறுத்தி நிறுத்திப் படிக்கற? எதையோ விட்டுட்டுப் படிக்கறியா?”

“இல்லக்கா. ஒரே எழுத்துப் பிழை. பாதிப் பேருக்கு எழுதவே தெரியல.”

“பாவம், கத்துக்குவாங்க. நீ படி” என்றாள் அக்கா.

அவன் படித்தான்.